துவரிமானிலிருந்து கோச்சடை வரை

"படிச்ச பிள்ளைக்கு மலையும் பொஸ்தகம் மாதிரித்தான் தெரியும்போல. பொரட்டிக்கிட்டே போனா முடிஞ்சிரும்னு நெனைக்கிற."

சொன்னவர் என் அண்ணன் முத்தையா. காளவாசலில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால், அப்பாவின் மாட்டுவண்டியில் கல் ஏற்றிக்கொண்டே சொன்னார். கீழே நிற்கும் ஆள் இரண்டிரண்டு கல்லாக எறிவார்; அண்ணன் வண்டிமேல் நின்று பிடித்து அடுக்குவார். பேச்சு ஒரு பக்கம் நடந்தாலும் கை தவறாது.

நான் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் விடுதியிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். கோச்சடையில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. அதனால் நேராகச் சூளைக்கே போய்விட்டேன். துவைத்துக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையின் ஓரமெல்லாம் செம்மண்.

"இருபத்தஞ்சு மைலுதாண்ணே. என்னால முடியும்."

"முடியும், முடியும். பொழுதடையிற வரைக்கும் முடியும். ராத்திரி நாகமலைல ஏறி எறங்கணும்ங்கிற. பாதியில உக்காந்து அழுதா நான் வண்டி கட்டிக்கிட்டு வரமாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன். இந்த மாடுக ரெண்டும் இருட்டுனா மலைப்பக்கம் காலெடுத்து வைக்காதுக. அதுகளுக்கு இருக்கிற புத்தி…"

"மாட்டுக்கு இருக்கிறது பயம்ணே. புத்தி இல்ல."

கீழே கல் எறிந்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணன் ஒரு கல்லைப் பிடிக்கத் தவறினார். அதற்காக அவர் என்னோடு வெகுநாள் பேசவில்லை.

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

அது என்ன நடை?

சென்ற இதழில் விடுதி ரசத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த ரசத்தைக் குடித்துமா மலை ஏறினீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆம், அம்மா. அதைக் குடித்துத்தான் ஏறினோம்.

நகரத்தில் இளைஞர்களின் தேகப்பயிற்சிச் சங்கம் ஒன்று உண்டு. யுத்தம் வருவதற்கு முந்திய காலத்தில், ஒவ்வொரு மாசிப் பௌர்ணமிக்கும் அவர்கள் ஓர் இராநடை வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் திருப்பரங்குன்றத்து அடிவாரத்தில் புறப்பட வேண்டும். பசுமலையைச் சுற்றி, கீழக்குயில்குடியில் சமணர் மலையில் ஏறி இறங்கி, அங்கிருந்து நாகமலையின் முதுகைத் தாண்டி மறுபக்கம் துவரிமானுக்கு வர வேண்டும். பிறகு வைகைக் கரையோரமாகக் கோச்சடை ஆற்றுமணல்வரை. யானைமலைக்கு மேலே சூரியன் தலைகாட்டியதும் முரசு அடிப்பார்கள். அதற்கு முன் வந்தவர்கள்தான் கணக்கு.

மலையில் நடக்கலாம், சமவெளியில் ஓடலாம்; அவரவர் விருப்பம். ஆனால் ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒரு ஜோடிக்கு ஓர் அரிக்கேன் விளக்கு. வழியில் மூன்று இடங்களில் சங்கத்து ஆட்கள் காஸ்லைட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் சேர்ந்து போய் நின்றால் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைப்பார்கள். பசுமலையில் மஞ்சள், கீழக்குயில்குடியில் கரி, துவரிமானில் காவி. ஓர் ஆள் மட்டும் வந்தால் பொட்டுக் கிடையாது.

பெண்கள் அதில் போனதில்லை. எங்கள் டிரில் ஆசிரியை சாரா டீச்சர் சங்கத்துக் காரியதரிசியின் வீட்டுக்கு நடந்து நடந்து, அந்த ஒரு வருஷத்துக்கு அனுமதி வாங்கிவந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பெண்கள் ஜோடி ஒன்றாவது முரசுக்கு முன் வந்துவிட்டால், வருஷந்தோறும் பெண்களுக்கு இடமுண்டு. வராவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி யாரும் எடுக்கக் கூடாது.

மூன்று ஜோடிகள் பெயர் கொடுத்தோம். வீட்டில் சம்மதம் கேட்டு வருவதற்குத்தான் நான் அந்த ஞாயிறு போனது.

அம்மா அன்று நாற்றங்காலில் களையெடுத்துவிட்டு இருட்டிய பிறகு வந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பகல்லயா, ராத்திரியிலயா?"

"ராத்திரிம்மா. விடிய விடிய."

"அப்பப் போயிட்டு வா. பகல்னாத்தான் ஊரு பாக்கும்."

அண்ணன் உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மெதுவாகப் போ

ஓடக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதேயில்லை. வயதுக்கு வந்த பிறகு "மெதுவாப் போ" என்றுதான் சொன்னார்கள். குடத்தோடு போனால் மெதுவாகப் போ. கடைக்குப் போனால் மெதுவாகப் போ. மழை வந்தாலும் மெதுவாகப் போ. இப்படிச் சொல்லிச் சொல்லியே ஓட்டத்தை என் காலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்த நாளில் கடைசியாக ஓடினேன் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியிருப்பேன்.

அதற்கு முன் நான் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மாடுகள் தாமாகவே வேகம் பிடிக்கும். நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு காளவாசலிலிருந்து கோச்சடைவரை ஓடிவருவேன். மாட்டு வேர்வை வாசனையும், சக்கரத்து அச்சில் பூசிய வண்டிமையின் வாசனையும், வாய்க்குள் செங்கல் தூசியும். அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் நான் கையை விட்டுவிட்டால் எப்படியோ தெரிந்து மாட்டை இழுத்துப் பிடிப்பார்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு; இன்றும் உண்டு. ஆனால் படிப்பு தந்தது எழுத்தை மட்டும் அல்ல. பயிற்சிப் பள்ளியின் பின்பக்கம் உயரமான மதில் இருந்தது. மதிலுக்கு உள்ளே வேப்பமரங்கள். சாரா டீச்சர் முதல் வாரமே எங்களை அங்கே கூட்டிப்போய், "அந்த மரத்தத் தொட்டுட்டு ஓடி வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. பெரிய பெண்கள் இல்லையா?

முதலில் ஓடியது லூர்து.

லூர்துமேரி மில் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அப்பா மில்லில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். அவள் ஓடினால் மூச்சு எஞ்சின்போல் புஸ் புஸ்ஸென்று கேட்கும். கை இரண்டும் தண்ணீர் இறைப்பதுபோல் போகும். பார்க்க அழகே இல்லை. ஆனால் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்து என் முன்னால் நின்று, "என்னடி பாக்குற? காலு இல்லையா?" என்று கேட்டாள்.

நான் ஓடினேன். அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

மஞ்சளும் கரியும்

புறப்பட்ட அன்று திருப்பரங்குன்றத்து அடிவாரத்தில் ஆண்கள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் ஓரமாக நின்றோம். லூர்துவுக்குச் சேலையை எப்படிச் செருகுவது என்று தெரியவில்லை. நடவு வயலில் இறங்குகிறவர்கள் கட்டுவதுபோல் முன்கொசுவத்தைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே நிற்கும்படி நான்தான் வரிந்து கட்டிவிட்டேன்.

"இப்பிடியேவா கோச்சடை வரைக்கும் போகணும்? எங்க அப்பா பாத்தா செத்துருவாரு."

"ராத்திரிதானடி. யாரு பாக்கப் போறா?"

"நெலா பாக்குதே," என்றாள்.

அவள் சாரா டீச்சர் தேடிக்கொடுத்த கான்வாஸ் சப்பாத்து போட்டிருந்தாள். எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. அதைப் போட்டு நடந்து பார்த்தேன். யாரோ என் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றேன். விளக்கு அவள் கையில். தண்ணீர்ச் சொம்பைத் துணியில் கட்டி என் தோளில் மாட்டிக்கொண்டேன். மடியில் பொரிகடலையும் வெல்லமும்.

பசுமலைவரை மண் பாதை. அறுத்த வயல்களின் தாள் வாசனை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆண்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவன், "தங்கச்சி, வழி தவறிட்டீகளா? கோயிலு அந்தப் பக்கம்" என்றான். லூர்து, "நாங்க சரியாத்தாண்ணே போறோம், நீங்கதான் மூச்சு வாங்குறீங்க" என்றாள். அவன் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான்.

மஞ்சள் பொட்டு வாங்கினோம். கீழக்குயில்குடிக்குப் போகும் வழியெல்லாம் ஓட்டம். சமணர் மலையில் பாறை இன்னும் பகல் சூட்டை வைத்திருந்தது. உள்ளங்காலுக்கு அது இதமாக இருந்தது. உச்சியிலிருந்து பார்த்தபோது மதுரை, சாம்பலுக்குள் கிடக்கும் நெருப்புத் துண்டுகள்போல் தெரிந்தது.

இறங்கிவந்து கரிப் பொட்டு வாங்கிய இடத்தில் எங்கள் மற்ற இரண்டு ஜோடிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இன்னொரு ஜோடியில் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அதற்குமேல் வரவில்லை.

"அப்ப நாமதான்," என்றாள் லூர்து.

ஆம், நாங்கள் மட்டும்தான். அந்த வருஷம் மட்டுமல்ல, வரப்போகிற வருஷங்களின் மாசிகளும் எங்கள் இருவரின் மணிக்கட்டில் இருந்தன.

இரண்டு அழைப்பு

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மலை ஏற முடியும்.

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் ராத்திரியில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். இருமுவார்கள், கனைப்பார்கள், "யாருப்பா அது" என்பார்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே பதில் கொடுக்கமாட்டார்கள். முனி இரண்டு தடவைதான் கூப்பிடும்; மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது மனுஷர்தான். முதல் அழைப்புக்கே வாய் திறந்தவன் மறுநாள் எழுந்திருக்கமாட்டான். இது நான் பால் குடித்த நாளிலிருந்து கேட்டது. எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு அம்மா கொல்லையில் இருந்தால், அப்பா வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதற்குத்தான் அம்மா "வாரேன்" என்பாள்.

விடுதிக்கு வந்த பிறகு எனக்கு இதெல்லாம் கிடையாது. முனி, பேய், கண்ணேறு ஒன்றும் கிடையாது. நான் படித்தவள். லூர்துவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்பாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்?

நாகமலை முதுகில் ஏறியதும் காற்று மாறியது. இரண்டு பக்கமும் சரிவு. நடுவே பாறையும் கள்ளியும் சூரைமுள்ளும். லூர்து நொண்டத் தொடங்கினாள். சப்பாத்து குதிகாலைக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

"நீ போய் எது துவரிமான் பாதைன்னு பாத்துட்டு வா. நான் இத அவுத்து எறிஞ்சுட்டு ஒன்னைய மாதிரியே வாரேன்."

நான் வடக்கே இறங்கிய பாதையில் போனேன். நிலா நன்றாக இருந்தது. ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் போனதும் கீழே தென்னந்தோப்புகளும், அதற்கப்பால் வெள்ளைக் கோடாக வைகையும் தெரிந்தன. இதுதான் பாதை. சந்தோஷத்தில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நான் பிறந்த பக்கத்தை மலைமேலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பேச்சீ!"

என் பெயர்தான். ஆனால் குரல் எனக்குப் பின்னாலிருந்து வரவில்லை. எதிரே, யாரும் இருக்க முடியாத பாறைச் சரிவிலிருந்து வந்தது. எதிரொலி என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது உடம்பு முழுவதும் மயிர்க்கூச்செறிந்தது.

"பேச்சியம்மா!"

மறுபடியும் அதே சரிவிலிருந்து. என் வாய் திறக்கவில்லை. பாடப் புத்தகத்தில் எதிரொலியைப் பற்றிப் படித்திருக்கிறேன்; பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது எதுவும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அப்பா வாசலில் நின்று கூப்பிடுவதுதான் வந்தது. நான் மூன்றாவது அழைப்புக்காகக் காத்து நின்றேன்.

மூன்றாவது அழைப்பு வரவில்லை.

எங்கோ ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டு பறந்தது. பிறகுதான் எனக்குக் கால் வந்தது. பாறையைச் சுற்றித் திரும்பி ஓடினேன். லூர்து உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் இல்லை. விளக்கும் இல்லை. ஒரு ஜோடி சப்பாத்து மட்டும் கிடந்தது.

"லூர்து! ஏய் லூர்து! லூர்தூ!"

இப்போது நான் எண்ணவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். மலை என் குரலை என்னிடமே திருப்பித் திருப்பித் தந்தது.

காவி

அவள் என்னைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும் என்று நினைத்து, முள்ளில் சேலை கிழிய நான் துவரிமானுக்கு இறங்கினேன். அங்கே காஸ்லைட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காவி குழைத்த கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஜோடி எங்க தாயி?"

"இங்க வரலையா?"

"வரலையே. ஆம்பளைகதான் வந்தாக. நீ உக்காரு. காலப் பாரு, ரத்தமா இருக்கு. விடிஞ்சதும் ஆள விட்டுத் தேடுவோம்."

"நான் மேல போறேண்ணே."

"ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு? தனியாவா?"

நான் ஏறிக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை. அவள் எங்காவது விழுந்து கிடப்பாளோ என்பது ஒன்றுதான். அது மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

பாதை பிரியும் இடத்தில் நின்று கத்தினேன். முதல் குரலுக்கே பதில் வந்தது.

"இங்கதாண்டி இருக்கேன்! எங்கடி போன நீ?"

தெற்குச் சரிவிலிருந்து விளக்கு வெளிச்சம் ஆடி ஆடி ஏறிவந்தது. முடிச்சை அவிழ்ப்பதில் நான் எந்தப் பாதையில் போனேன் என்று கவனிக்காத அவள், இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராததால் நான் தெற்குப் பாதையில் இறங்கிவிட்டேன் என்று முடிவுகட்டி, என்னைப் பிடிக்கப் பாதி மலை இறங்கியிருக்கிறாள். அங்கே யாரும் இல்லாததைப் பார்த்து மறுபடி ஏறியிருக்கிறாள். வெறுங்காலோடு. பழக்கமில்லாத கால்.

சொம்பைப் பிடுங்கி மடக் மடக்கென்று குடித்தாள்.

"கூப்பிட்டேனேடி. ஏன் பேசல?"

நான் சொன்னேன். முனியை, மூன்று அழைப்பை, எல்லாவற்றையும். அவள் சொம்பை இறக்கி என்னையே பார்த்தாள்.

"மூணாவதா ஒரு வாட்டி கூப்பிட்டிருந்தாப் பேசியிருப்பியா?"

"ம்."

"கூப்பிடத்தாண்டி வாயத் தொறந்தேன். தொண்டை காஞ்சு சத்தமே வரல. தண்ணியத்தான் நீ தூக்கிட்டுப் போயிட்டியே!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாகமலை முதுகில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரிப்பு நின்றபோது கிழக்கே விடிவெள்ளி மேலே வந்துவிட்டிருந்தது.

துவரிமானில் காவி வைத்தவர் எங்கள் இருவர் மணிக்கட்டையும் பிடித்து, தேவைக்குமேல் அழுத்தியே வைத்தார். "ஓடுங்க தாயி, ஓடுங்க. இன்னும் இருக்கு நேரம்" என்றார். இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஓடினோம்.

நான் இந்தத் தொடரை எழுதுவதே அந்த ஓட்டத்தைப் பற்றி எழுதத்தானோ என்று சில சமயம் தோன்றும். வாய்க்கால் கரை. இரண்டு பக்கமும் தென்னை. பனியில் நனைந்த மண், மேலே குளிர்ச்சி, உள்ளே மிருது. லூர்துவின் மூச்சு என் இடது காதில் புஸ் புஸ்ஸென்று. விளக்கை எங்கோ அணைத்துவிட்டோம். ஒரு தோப்பில் யாரோ வைக்கோல் கொளுத்திக் குளிர்காய்ந்த புகை வந்தது. வலி இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய வலியோபோல் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆகாயம் சாம்பலாகி, பிறகு மாம்பழத் தோல்போல் ஆயிற்று. நான் பின்பலகையைப் பிடித்து ஓடிய பெண்ணாக இருந்தேன். பலகை மட்டும் இல்லை.

கோச்சடைக்கு இன்னும் ஒரு தோப்பு தாண்ட வேண்டும். அப்போது முரசு கேட்டது.

தென்னை மட்டைகளுக்கு நடுவே யானைமலையின் தலையில் சிவப்பாக ஒரு கீற்று. முரசு நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. இனி ஓடக் காரணம் எதுவும் இல்லை. நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

இருவரும் நிற்கவில்லை.

மணலுக்கு வந்தபோது

ஆற்றுமணலில் வெயில் பரவியிருந்தது. ஆண்கள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். சிலர் கை தட்டினார்கள். காரியதரிசி எங்கள் மூன்று பொட்டுகளையும் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்தீங்கம்மா. ஆனா பேச்சு பேச்சுதான்."

சாரா டீச்சர் இரண்டு பேருக்கும் தலையைத் துவட்டிவிட்டார், மழையில் நனைந்து வந்தவர்களுக்குச் செய்வதுபோல.

மறுவருஷம் பெண்களை விடவில்லை. அதற்கடுத்து யுத்தம் வந்தது, சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது, நடையே நின்றுபோயிற்று. சாரா டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். லூர்துவைக் கோலாரில் தங்கச் சுரங்கத்து ஆபீசில் வேலைபார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு அவனியாபுரம் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது.

மாசிப் பௌர்ணமி மட்டும் நிற்கவில்லை. அது ஒவ்வொரு வருஷமும் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. பாய் நடுவில் கால் தானாக அசையும். லூர்து கோலாரில் விழித்திருப்பாளா என்று நினைப்பேன்.

சென்ற வருஷம் அவள் தம்பி கல்யாணத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. சாயங்காலம் கோச்சடை ஆற்றங்கரைக்கு இருவரும் போனோம். அவள் குரல் மாறவில்லை. சுரங்கத்துப் பக்கம் மேடு இருக்கிறதாம், ஆனால் மேட்டின் உச்சியில் பெரிய இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். "ஏறணும்னே தோணாதுடி" என்றாள்.

தோப்பு முனைக்கு வந்ததும் நின்றாள். நாங்கள் முரசு கேட்ட இடம்.

"நீ ஓடு பேச்சி. நான் இங்கன நின்னு பாக்குறேன்."

"இப்பவா?"

"அந்த மரம் வரைக்கும். சும்மா. எனக்காக."

கரையில் ஆட்கள் இருந்தார்கள். வேட்டி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள். என் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் அப்பாகூட இருந்தார். நான் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"அடுத்த தடவ வரும்போது," என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பி நடந்தோம். மெதுவாக.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகு பல வாரம் என்னால் அந்த மரத்தை மறக்க முடியவில்லை. ராத்திரியில் ஓடியது பெரிய காரியமில்லை. அங்கே யாரும் இல்லை. அம்மா சொன்னதுதான் சரி. பகல்தான் மலை.

சங்கத்தார் இந்த மாசியில் நடையை மறுபடி தொடங்கப்போவதாகச் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் எதுவும் கேட்கப் போகவில்லை. எங்கள் பள்ளியில் என்னோடு வேலைபார்க்கும் ருக்மணியிடம் மட்டும் கேட்டேன். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு, "சேலைய எப்படிக் கட்டணும்?" என்றாள்.

சென்ற சனிக்கிழமை காலை, நன்றாக வெயில் ஏறிய பிறகு, அவனியாபுரம் கண்மாய்க் கரையில் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் இருவரும் ஓடினோம். ஏர் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். எதிரே வைக்கோல் வண்டி ஓட்டிவந்த ஒருவர் பதறிப்போய் மாட்டை நிறுத்தினார்.

"ஏத்தா, என்ன இப்பிடி ஓடியாறீக? யாருக்கு என்னாச்சு?"

நான் நிற்கவில்லை. வண்டியைத் தாண்டும்போது சொன்னேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே. ஓடுறோம்."